பழைய ஸ்விஃப்ட் டீசல் காருக்கு மாற்று எஞ்சின் தேடுவது எப்படி?

கேள்வி: என்னிடம் 2011-ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல் கார் இருக்கிறது. எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது (இறுகிச் சுழலாமல் நின்றுவிட்டது). பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தலாமா? எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது?

2010-இல் பதிவான ஸ்விஃப்ட் டீசல் ஒன்றுக்காக ஏறக்குறைய மூன்று மாதம் எஞ்சின் தேடி அலைந்தவன் நான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும்போது, துவரங்குறிச்சியைத் தாண்டியதும் சாலையில் கிடந்த கல் ஒன்று ஆயில் சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடித்தது. ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததைப் பார்த்த பிறகும், அடுத்த ஊரில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். கொட்டாம்பட்டி வருவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. இந்த எஞ்சின் கொள்ளும் ஆயிலே மூன்று லிட்டர் சொச்சம்தான். அது வடிந்துபோக வெகுநேரம் ஆகாது.

எஞ்சின் தேடப் புறப்படும் முன், உங்கள் எஞ்சினை மீட்க முடியுமா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றி, பிளாக்கையும் (எஞ்சினின் அடிப்படை உடல்) கிராங்கையும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நம்பகமான லேத் பட்டறையில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் உருகி கிராங்கைப் பிடித்திருப்பது மட்டுமே கோளாறு என்றால், புது கிராங்க், பேரிங், பிஸ்டன், ஆயில் பம்ப், டைமிங் செயின் ஆகியவற்றைப் போட்டு அதே பிளாக்கை ஓட வைத்துவிடலாம். செலவு பழைய எஞ்சின் வாங்குவதை ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ ஆகலாம். ஆனாலும் நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன். எஞ்சின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருப்பதால், பிளாக் மாறாதவரை ஆர்.சி.யில் எதையும் திருத்த வேண்டியதில்லை. உள்ளே என்ன போட்டிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் வண்டியில் மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் தண்டு) பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டது. கம்பெனியின் புது எஞ்சினுக்கு விலை கேட்டபோது, அது வண்டியின் அன்றைய சந்தை விலையையே தொட்டது.

உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சி.சி. மல்டிஜெட் எஞ்சின். சுசூகி குழுமம் அதை உரிமம் பெற்று மானேசரில் தயாரித்தது. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் மட்டுமல்லாமல் டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ, லீனியா ஆகியவற்றிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருக்கிறது. ஆகவே, எது கிடைத்தாலும் பொருந்திவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதை அப்படியே ஏற்காதீர்கள். சம்ப்பின் வடிவம், மவுண்ட் தாங்கிகள், குழாய்களின் போக்கு ஆகியவை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். எர்டிகா, எஸ்.எக்ஸ்.4 போன்றவற்றில் வந்த 90 குதிரைத்திறன் எஞ்சினின் டர்போவும் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உங்கள் 75 குதிரைத்திறன் எஞ்சினின் டர்போவும் வேறு வேறு வகை. போதாக்குறைக்கு, 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை மாசு விதி நடப்புக்கு வந்தபோது மற்ற இடங்களில் ஸ்டேஜ் 3 தொடர்ந்ததால், ஒரே ஆண்டில் வந்த இரண்டு ஸ்விஃப்ட்களுக்குள்ளேயே வேறுபாடு இருக்கக்கூடும். உங்கள் ஆர்.சி.யில் எது குறிப்பிடப்பட்டுள்ளதோ அதே வகையை, ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் ஆகிய மூன்றுக்குள் தேடுவதே நல்லது.

எங்கே தேடுவது என்றால், சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது. மற்ற பெரிய ஊர்களிலும் பழைய உதிரிபாகக் கடைகள் உண்டு. விபத்தில் சிக்கி, காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று கழித்துவிட்ட வண்டிகளை வாங்கிப் பிரிப்பவர்களிடம் நேரடியாகக் கேட்பது இன்னும் மேல். தரையில் வரிசையாக அடுக்கிவைத்த எஞ்சின்களில் ஒன்றைக் காட்டி, ஒரு லட்சம் கிலோமீட்டர்கூட ஓடாதது என்று யாரும் சொல்லலாம். நான் மூன்றாவது கடைக்குப் பிறகு கேள்வியையே மாற்றிக்கொண்டேன். எஞ்சின் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, முன்பக்கம் அடிபடாத, பின்னாலோ பக்கவாட்டிலோ மோதப்பட்டு இன்னும் பிரிக்கப்படாத ஸ்விஃப்ட் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினேன். அப்படிப்பட்ட வண்டியில் பேட்டரியை இணைத்து, எஞ்சின் ஆறிக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, புகையையும் சத்தத்தையும் நாமே கவனிக்க முடியும், ஆர்.சி.யும் கையோடு கிடைக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் எஞ்சின் குறித்துத் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் எப்படி மூழ்கிக் கிடந்தன என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்த நிலையில் எஞ்சினை ஓட்டினால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது என்பதால், மேலே ஏறும் பிஸ்டன் முட்டிக்கொண்டு கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிறிதளவே வளைந்த ராடுடன் எஞ்சின் ஓடவும் செய்யும்; சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அது முறியும்போது பிளாக்கும் போய்விடும். எனக்குக் காட்டப்பட்ட எஞ்சின் ஒன்று பளபளவென்று கழுவி வைக்கப்பட்டிருந்தது, விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. என்னுடன் வந்த மெக்கானிக் ஆல்டர்னேட்டரின் துளைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே மெல்லிய வண்டல் மண் படிந்திருந்தது. ஹீட்டர் பிளக் துளை வழியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்த்தபோது ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு தெளிவாகக் குறைந்தது. ராடு வளைந்தால் பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது என்பதால், ராடு வளைந்திருப்பதற்கு அது ஒரு வலுவான அறிகுறி. நாங்கள் அதைத் தொடாமல் திரும்பிவிட்டோம்.

எனவே கம்ப்ரஷன் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாத கடையில் வாங்காதீர்கள். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். சம்ப்பைக் கழற்றச் சொல்லி அடியில் உலோகத்தூள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பேரிங் மூடியையாவது திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம் காபி நிறத்தில் குழைவாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். எஞ்சின் எண்ணைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடமோ, எழுத்துகளில் ஏற்ற இறக்கமோ இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. எஞ்சினை மாற்றுவதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் பெறுங்கள். மாற்றிய பிறகு 14 நாட்களுக்குள் தெரிவித்துப் புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். விற்பவரின் பெயரும் எஞ்சின் எண்ணும் குறித்த பில், எஞ்சின் எடுக்கப்பட்ட வண்டியின் ஆர்.சி. நகல், அந்த வண்டி திருட்டு வழக்கில் இல்லை என்பதற்கான சான்று ஆகியவை இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எண் பொருந்தாத வண்டிக்கு விபத்து இழப்பீடு கேட்கும்போதும், அதை விற்கும்போதும், 15 ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போதும் சிக்கல் வரும். உங்களுடையது 2011 வண்டி என்பதால், அந்தப் புதுப்பிப்பில் வண்டி தேறுமா, அடித்தளத்தில் துரு எவ்வளவு இருக்கிறது என்பதை எஞ்சினுக்குப் பணம் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பொருத்தும்போது உங்கள் வண்டியின் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி), வயரிங், சாவி ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்; சாவியை ஈ.சி.யூ. அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். ஆனால் சீஸ் ஆன எஞ்சினின் டர்போவையும் ஆயில் கூலரையும் புதிதாக வந்த எஞ்சினில் மாட்ட விடாதீர்கள். ஆயில் இல்லாமல் ஓடிய டர்போவின் பேரிங்கும் தேய்ந்திருக்கும். கூலருக்குள் தங்கிய உலோகத்தூள் முதல் நாளே புதிய பேரிங்குகளுக்குள் போய்விடும். இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) இருந்தால் அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் செயின், வாட்டர் பம்ப், கிராங்க் சீல்கள், கிளட்ச் ஆகியவற்றை மாற்றிவிடுவது, பின்னால் இன்னொரு முறை இறக்கும் கூலியை மிச்சப்படுத்தும்.

எனக்கு இறுதியில் கிடைத்தது, பின்னாலிருந்து லாரி மோதிய ஒரு டிசையரின் எஞ்சின். எங்கள் கண் முன்னாலேயே ஸ்டார்ட் செய்து காட்டிய பிறகுதான் இறக்கினார்கள். பொருத்திய பிறகு சம்ப்புக்குக் கீழே ஓர் இரும்புத் தகட்டுக் காப்பும் போட்டோம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரின் காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். உலோகத்தூள் எதுவும் இல்லை.