எந்த ஆவணம் இல்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா இறந்த பிறகு நிலத்துக்குப் பட்டா மாறுதல் கேட்டு மனு கொடுத்தோம். வந்த பதில் இது: ‘பார்வையில் காணும் மனுவினைப் பரிசீலனை செய்ததில், உரிய ஆவணங்கள் இணைக்கப்படாமையால் மேற்படி மனு ஏற்பதற்கில்லை என்ற விவரம் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.’ அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “அப்படின்னா என்னத்தக் கொண்டுபோகணும்?” என்கிறார். எனக்கும் தெரியவில்லை. அதிகாரிகளின் தமிழ் ஏன் இப்படி இருக்கிறது?

கே., திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள கே.,

அந்தக் கடிதம் சொல்லியிருக்க வேண்டிய ஒரே செய்தியைத்தான் உங்கள் அம்மா கேட்டிருக்கிறார். இறப்புச் சான்றா, வாரிசுச் சான்றா, மூலப்பத்திரத்தின் நகலா, எது இல்லை? ‘மனுவோடு வாரிசுச் சான்றிதழ் இல்லை, அதை இணைத்து மறுபடி கொடுங்கள்’ என்று எழுதியிருந்தால் அம்மா மறுநாளே அதற்கான வேலையில் இறங்கியிருப்பார்.

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் வந்தது. அரசாங்கம் எழுதுவது ஊர் ஜனங்களுக்குப் புரியவில்லையென்றால் அது எந்த மொழியில் இருந்து என்ன பயன்?

கடிதத்தின் தலைப்பில் போடும் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), எந்த மனுவுக்குப் பதில் என்று காட்டும் ‘பார்வை’ எல்லாம் கோப்பைத் தேடி எடுக்கத் தேவை. அவற்றின்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த நீண்ட வாக்கியத்தில் பரிசீலித்தது யார் என்றும் இல்லை, குறைந்தது எது என்றும் இல்லை. பழைய கோப்பிலிருக்கும் வரைவை எடுத்து, எண்ணையும் தேதியையும் மாற்றி மேசைக்கு அனுப்புகிறார்கள். மேலதிகாரி ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட வாசகம் என்பதால் வம்பில்லை. இன்னது வேண்டும் என்று எழுதிவிட்டால், அதைக் கொண்டுவந்ததும் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். பொத்தாம்பொதுவாக எழுதினால் யாரும் பிடிக்க முடியாது. அவர்களுடைய அந்தப் பயத்துக்காக, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி நடையாய் நடப்பது உங்கள் அம்மாவைப் போன்றவர்கள். என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நீங்களும் பொறுக்க வேண்டாம். நிர்வாக முடிவின் காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு. 10 ரூபாய் கட்டணத்தோடு அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ‘ஏன் நிராகரித்தீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று தட்டிக்கழிப்பார்கள். மனுமீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்பின் நகலையும் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை நகலையும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதுவரை சும்மா இருக்காமல், கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டையும் போட்டுவிடுங்கள். மனு கொடுத்த ரசீதின் நகலை இரண்டிலும் இணையுங்கள்.