ஃபின்னிஷ் தெரியாமல் பின்லாந்தில் மேல்நிலைப் படிப்பு: கோவையிலிருந்து கேட்ட சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. கணவருக்கு ஹெல்சின்கியை ஒட்டிய எஸ்போ நகரில் வேலை, ஜூலையில் குடும்பத்தோடு வருகிறீர்கள், மகள் இப்போதுதான் பத்தாவது எழுதியிருக்கிறாள், ஃபின்னிஷ் துளியும் தெரியாது, ஆங்கிலத்திலேயே படித்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். என் பிள்ளைகள் இருவரும் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் பள்ளி ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதற்காக ஃபின்னிஷை ஒதுக்கிவிடாதீர்கள்.

நம் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இங்கே லுக்கியோ. ஆங்கிலத்தில் படிக்க விரும்பும் பிள்ளைகள் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டப் பிரிவில் சேர்கிறார்கள். உங்கள் பக்கத்தில் எதெலா தாப்பியோலா, ஹெல்சின்கியில் ரெஸ்ஸு, வான்தாவில் திக்குரிலா லுக்கியோக்களில் ஐபி உண்டு. முதல் வருடம் ஆயத்தம், அடுத்த இரண்டு வருடம் ஆறு பாடங்கள், கூடவே 4,000 சொல் வரை போகும் ஓர் ஆய்வுக் கட்டுரை. படிப்பு கடினம்தான், மனப்பாடம் உதவாது. கட்டணம் கிடையாது. 2021-இல் கட்டாயக் கல்வியை 18 வயது வரை நீட்டித்ததிலிருந்து புத்தகம், லேப்டாப் எல்லாம் பள்ளியே தருகிறது.

இடம் கிடைப்பதுதான் சிக்கல். எல்லோருக்குமான கூட்டு விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். ஐபிக்குத் தனியாக நுழைவுத் தேர்வும் இருக்கும். இந்த வருடம் அது முடிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு பள்ளியின் ஐபி ஒருங்கிணைப்பாளருக்கும் மதிப்பெண் சான்றிதழோடு இப்போதே மின்னஞ்சல் அனுப்பிக் காலியிடம் உண்டா என்று கேளுங்கள். ஜூனில் இங்கே கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் ஆகஸ்ட் வரை பதில் சொல்ல ஆள் இருக்காது. இடம் கிடைக்காவிட்டால் தூவா என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு இருக்கிறது. அதில் ஃபின்னிஷும் சொல்லித் தருவார்கள், அடுத்த வசந்தத்தில் முறைப்படி விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் வீண் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். இங்கே யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

டியூஷன் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊர் மாதிரி தெருவுக்குத் தெரு டியூஷன் இங்கே இல்லை. புரியவில்லை என்றால் ஆசிரியரிடமே போய்க் கேட்க வேண்டும், அதுவும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. நம் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். என் மகள் ஆரம்பத்தில் கணக்கில் தவித்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தாள். ஓப்போ என்று பிள்ளைகள் அழைக்கும் வழிகாட்டி ஆசிரியைதான் அவளை உட்கார வைத்துப் பேசி, அவள் எடுத்திருந்த பாடங்களை மாற்றிக் கொடுத்தார். எந்தப் பாடம் எடுப்பது என்பதைப் பிள்ளையிடம்தான் கேட்பார்கள். அப்பா அம்மாவிடம் கேட்க மாட்டார்கள். வருகைப் பதிவும் மதிப்பெண்ணும் வில்மா என்ற செயலியில் உங்களுக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அவளுக்குப் பதிலாக நீங்கள் எழுதாதீர்கள்.

மதியச் சாப்பாடு இலவசம், சைவமும் உண்டு. காரம் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி ஃபின்னிஷ். வகுப்பு முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் பேச்சு அந்த மொழிக்குத் தாவிவிடும். கடைகளில் கோடைக்கால வேலைக்கு அதைத்தான் கேட்பார்கள். மருத்துவம் படிக்க நினைத்தால் ஃபின்னிஷ் அல்லது ஸ்வீடிஷ் இல்லாமல் வழியே இல்லை. ஆல்டோ போன்ற பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழி இளநிலைப் படிப்புகள் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் குறைவு. மொழி வந்தால் பல கதவுகள் திறக்கும்.

என் மகளுக்கு மொழி வந்தது சலிபாந்தி ஆட்டத்தில்தான். உள்ளரங்கில் பிளாஸ்டிக் பந்தை மட்டையால் அடிக்கும் விளையாட்டு அது. பயிற்சியாளர் "வைஹ்தோ!" என்று கத்தினால் ஓடிவந்து பெஞ்சில் உட்கார வேண்டும், அடுத்தவள் உள்ளே போவாள். அந்தப் பெஞ்சில் கிடைத்த தோழிகளோடுதான் அவள் முதன்முதலில் முழு வாக்கியம் பேசினாள். உங்கள் மகளுக்குப் பாட்டோ ஓவியமோ எது பிடிக்குமோ, அதில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருக்கும் குழுவாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

ஜூலை வரை சும்மா இருக்க வேண்டாம். இங்குள்ள பொது ஒலிபரப்பு நிறுவனமான யூலேயின் (Yle) வானொலி தினமும் எளிய ஃபின்னிஷில் நிதானமாகச் செய்தி வாசிக்கிறது; எழுத்து வடிவமும் இணையத்தில் இருக்கிறது. அவளோடு நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். பள்ளிகளிலிருந்து என்ன பதில் வந்தது என்று சொல்லுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.