பவர் டேபிள்காரர்களுக்கு இனி வேலை இருக்குமா?

கேள்வி: என் கணவர் திருப்பூரில் பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின் மேசை) வைத்து, கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார். பெரிய கம்பெனிகள் நிட்டிங் (நூலைப் பின்னித் துணியாக்குவது), சாயம், தையல் எல்லாவற்றையும் தாங்களே செய்யத் தொடங்கிவிட்டன. கொடுத்த வேலைக்கும் பணம் மாதக்கணக்கில் இழுக்கிறது. எங்களுக்கு எதிர்காலம் உண்டா?
- வாசகி, அவிநாசி

பதில்: உண்டு சகோதரி. எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டரை எடுத்து முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசராக இருப்பவள் என்ற முறையில் உறுதியாகவே சொல்கிறேன். ஆர்டர் ஒரே சீராக வருவதில்லை. இந்த சீசனில் சிங்கிள் ஜெர்சி துணி, அடுத்ததில் இன்டர்லாக் துணி. ஒவ்வொன்றுக்கும் வேறு மெஷின். அத்தனையும் சொந்தமாக வாங்கிப் போட்டால் பாதி மெஷின் சும்மா நிற்கும், வட்டி நிற்காது.

இன்னொன்று, பக்கத்தில் இருப்பதன் பலம். ஒருமுறை சாயம் ஏறி வந்த நேவி ப்ளூ துணியை விளக்கு மேசையில் விரித்தோம். நெடுக்காக மெல்லிய கோடு ஒன்று ஓடியது. பழுதான ஊசியின் வேலை. நிட்டிங்காரருக்கு உடனே போன் செய்தோம். ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி ஊசியை மாற்றினார். அவர் வெளிமாநிலத்தில் இருந்து, துணி லாரியில் வந்திருந்தால், மொத்த ஆர்டரும் அந்தக் கோட்டோடு முடிந்திருக்கும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நின்றால் எல்லாம் நிற்கும் என்பதை 2011 ஜனவரியில் பார்த்தோம். நொய்யல் நதி மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், தையல் மேசைகளுக்கும் வேலை இல்லாமல் போனது. நதிக்கு அந்த உத்தரவு தேவைதான். ஆனால் மாதச் சம்பளமும் சேமிப்பும் இல்லாதவர்களுக்கே அடி பலமாக விழுந்தது.

பண விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கோபம். கடைசியில் இருப்பவரின் கூலியை நிறுத்தி வைத்துத் தொழில் நடத்துவது நியாயமே இல்லை. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுதாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியை நிஜமாகக் கொடுக்கும்வரை கம்பெனிகள் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. அதனால் ஆடிட்டர்களே கம்பெனிகளை விரட்டுகிறார்கள்.

உங்கள் கணவர் உத்யம் பதிவு (இத்தகைய சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்திருக்கிறாரா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. பில்லில் அந்தப் பதிவு எண்ணை அச்சிடுங்கள். சரக்கை ஒப்படைக்கும்போது டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்ப வேண்டாம். நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.