‘ஆவன செய்யுமா?’ என்று கேட்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஊர்ப் பிரச்சினைகளை எம்.எல்.ஏ., எம்.பி. மூலம் அவையில் கேள்வியாக எழுப்புவது பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஊரும் துறையும் தேதியும் இல்லாமல் ‘எங்கள் கேள்விக்குப் பதில் வரவில்லை, என்ன செய்யலாம்?’ என்று மட்டும் எழுதியவர்கள் மன்னிக்க வேண்டும். எந்தக் கேள்வி, யார் கேட்டது, எந்த அவையில் என்று தெரியாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

*

எங்கள் ஊரில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் நிற்க வேண்டும் என்று எம்.பி. மக்களவையில் எழுத்துபூர்வமாகக் கேட்டார். ‘ரயில் நிறுத்தம் வழங்குவது தொடர் நடைமுறை, இயக்கச் சாத்தியமும் பயணிகள் வரத்தும் பார்த்து முடிவெடுக்கப்படும்’ என்று பதில் வந்தது. எம்.பி. எழுந்து மடக்கியிருக்க வேண்டாமா?
– விருத்தாசலம் பகுதி வாசகர்

எழ முடியாது. அது நட்சத்திரமில்லாத கேள்வி, அதாவது எழுத்துப் பதிலுக்கு மட்டும் உரியது. அமைச்சர் பதில் சொன்னதும் எழுந்து துணைக் கேள்வி கேட்கும் உரிமை, வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் கேள்விக்கு மட்டும்தான். மக்களவையில் ஒரு நாள் பட்டியலில் நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துப் பதிலுக்கு 230. அந்த 20-லும் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழிப் பதில் கிடைப்பது நாலைந்துக்குத்தான். யார் கேள்வி முன்னால் வரும் என்பது குலுக்கல்.

நீங்கள் சொல்லும் பதில் எல்லா ஊருக்கும் போகிற பதில். அடுத்த கூட்டத்தொடரில் இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: இந்த நிலையத்தில் கடந்த 3 ஆண்டுகளில் விற்ற டிக்கெட் எத்தனை, முன்பதிவு எவ்வளவு, முன்பதிவில்லாதது எவ்வளவு, ஆண்டு வருமானம் என்ன? அதே வண்டி ஏற்கெனவே நிற்கிற பக்கத்து நிலையங்களில் இந்தக் கணக்கு என்ன? இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெற்கு ரயில்வே பொது மேலாளர் எம்.பி.க்களோடு நடத்தும் கூட்டத்துக்குப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

*

எங்கள் தெருச் சாக்கடை ஆறு மாதமாக அடைத்துக் கிடக்கிறது. எம்.பி. டெல்லியில் ஒரு வார்த்தை பேசவில்லை.
– பெயர், ஊர் இல்லை

பேசவும் கூடாது. உள்ளாட்சி, பொது சுகாதாரம், மருத்துவமனை, காவல் எல்லாம் மாநிலப் பட்டியல். ஒன்றிய அரசின் பொறுப்பில் வராத விஷயத்தை மக்களவைச் செயலகம் அனுமதிக்காது. ரயில், தபால், தேசிய நெடுஞ்சாலை, பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி என்றால் எம்.பி.யிடம் போங்கள். டவுன் பஸ், மின்சாரம், அரசுப் பள்ளி என்றால் எம்.எல்.ஏ.விடம். சாக்கடைக்கு உங்கள் வார்டு கவுன்சிலர். அவர் வீடு பெரும்பாலும் அதே வார்டில்தான் இருக்கும்.

*

எங்கள் ஒன்றியத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் டாக்டர் இல்லை. ‘இதைத் தரம் உயர்த்த அரசு ஆவன செய்யுமா?’ என்று எம்.எல்.ஏ. கேட்டார். ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று அமைச்சர் சொன்னார். இதை நல்ல பதில் என்று எடுத்துக்கொள்ளலாமா?
– அரூர் வட்டாரத்திலிருந்து இருவர், கமுதியிலிருந்து ஒருவர்

இது பதிலே இல்லை. ஆனால் அமைச்சர் மீது கோபப்படும் முன் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது இரவில் ஒரு டாக்டர். எம்.எல்.ஏ. கேட்டதோ தரம் உயர்த்துவது. தரம் உயர்ந்து புதுக் கட்டடம் வந்து, அதிலும் இரவில் ஆள் இல்லாத இடங்கள் எத்தனையோ உண்டு.

‘ஆவன செய்யுமா’ என்று முடிகிற கேள்வியை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு கேள்வி பட்டியலில் இடம்பிடிப்பதே பெரும்பாடு. பேரவை கூடுகிற நாட்களோ குறைவு. 234 பேர் வரிசையில் நிற்கிறார்கள். அப்படிக் கிடைத்த வாய்ப்பை, ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்று சொன்னாலே முடிந்துவிடுகிற கேள்விக்குச் செலவழிக்கலாமா? இதற்குப் பதில் எழுத ஒரு பதிவேட்டையும் யாரும் திறக்க வேண்டியதில்லை. கீழே ஒரு அலுவலகத்துக்கும் போன் செய்ய வேண்டியதில்லை. பதில் ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கிறது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கேட்டால் கேள்வி சென்னையிலிருந்து மாவட்ட சுகாதார அலுவலருக்குப் போகும், அங்கிருந்து வட்டார மருத்துவ அலுவலருக்கு. அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தகவல் அனுப்பியாக வேண்டும். அவையில் வைக்கிற பதில் தவறாக இருந்தால் கேள்வி அவர் தலையில் வந்து விழும். பதில் எழுத வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த இடத்துக்கு ஆள் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கேள்வியின் பலம் அந்தப் பயணத்தில் இருக்கிறது, அமைச்சர் வாசிக்கிற நாலு வரியில் இல்லை.

உங்கள் எம்.எல்.ஏ. கேட்டிருக்க வேண்டியது: இந்த நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர், செவிலியர் பணியிடங்கள் எத்தனை? இன்றைய தேதியில் காலி எத்தனை, எந்த மாதத்திலிருந்து? பணியில் இருப்பதாகக் காட்டப்படுகிறவர்களில் மாற்றுப்பணியில் வேறு இடத்தில் இருப்பவர் எத்தனை பேர்? கடந்த ஓராண்டில் இரவு 8 முதல் காலை 8 வரை இங்கே நடந்த பிரசவம் எத்தனை, வேறு மருத்துவமனைக்கு அனுப்பியது எத்தனை?

அந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் ‘காலியிடம் இல்லை’ என்று பதில் வருகிறது. தாளில் மூன்று டாக்டர், ஊரில் ஒருவர். மற்ற இருவரும் மாவட்டத் தலைநகரில் மாற்றுப்பணி. பள்ளி ஆசிரியருக்கும் கால்நடை மருத்துவருக்கும் இதே கதைதான். துறை எதுவானாலும் மாற்றுப்பணியைச் சேர்த்துக் கேளுங்கள்.

தரம் உயர்த்துவதும் வேண்டும் என்றால் அதற்கும் எண் இருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையத்துக்கு 5,000, 3,000. உங்கள் ஒன்றியத்தின் மக்கள்தொகையை வகுத்துப் பார்த்துவிட்டு, ‘இத்தனை இருக்க வேண்டும், இத்தனைதான் இருக்கிறது, மீதி எந்த ஆண்டுக்குள்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். அரூரில் மலைக் கிராமங்களுக்குத் தனிக் கணக்குக் கேட்பது முக்கியம்.

*

வீடுதோறும் குடிநீர்க் குழாய் இணைப்புத் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் ஊராட்சி நூறு சதவீதம் முடிந்துவிட்டதாக மக்களவைப் பதிலில் இருக்கிறது. குழாயில் வாரம் ஒருநாள்தான் தண்ணீர். பதில் பொய்தானே?
– திருச்சுழி வாசகி

பொய் இல்லை அம்மா, கேள்வி குறை. இணைப்பு எத்தனை என்று கேட்டார்கள், இணைப்பைச் சொன்னார்கள். 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்த அந்தத் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமான நீர், தொடர்ந்து. ‘55 லிட்டர் கிடைக்கிற வீடுகள் எத்தனை, அதைக் கடைசியாக அளந்தது எப்போது, அளந்தது யார்?’ என்று கேட்க வேண்டும். ‘தண்ணீர் மாநிலப் பொருள்’ என்று பதில் தொடங்கும். பயப்பட வேண்டாம். பணம் ஒன்றிய அரசுத் திட்டத்தில் வருகிறது, கேட்கலாம்.

*

கொரோனா சமயத்தில் ஆக்சிஜன் இல்லாமல் யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். இனி எழுத்துபூர்வ பதிலை எப்படி நம்புவது?
– ஓசூர் வாசகர்

கோபம் நியாயம். 2021 ஜூலையில் மாநிலங்களவைக்கு வந்த பதிலின் சாரம் இது: சுகாதாரம் மாநிலப் பொருள், மரணங்களை மாநிலங்கள்தான் தெரிவிக்கின்றன, ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் என்று குறிப்பாக எந்த மாநிலமும் தெரிவிக்கவில்லை. சாகவில்லை என்று அதில் இல்லை. எங்களுக்கு எழுதி வரவில்லை என்று இருக்கிறது. 2020 செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டபோதும், அப்படி ஒரு தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதியது.

எனக்கும் இது பொறுக்கவில்லை. ஆனால் இந்தப் பதில்கள் ஒரு வேலை செய்தன. கணக்கே எடுக்கவில்லை என்பதை அரசின் கையெழுத்திலேயே வாங்கி வைத்தன. ‘தரவு இல்லை’ என்று வந்தால், ‘ஏன் எடுக்கவில்லை, எந்த அலுவலகம் எடுத்திருக்க வேண்டும்?’ என்று அடுத்த கேள்வி போக வேண்டும். அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

*

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்று பதில் வந்தால் அத்தோடு முடிந்ததா?
– மன்னார்குடி

இல்லை. அவையில் வைப்போம் என்று சேர்த்துச் சொன்னால் அது உறுதிமொழி. மக்களவையில் 1953 முதல் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நம் பேரவையிலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு, மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வருகிறது. உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது பதிலின் நகலோடு போய் நில்லுங்கள்.

*

தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில். அப்புறம் எம்.எல்.ஏ. பின்னால் ஏன் அலைய வேண்டும்?
– பல்லாவரம்

இரண்டும் வேண்டும். கைவசம் இருக்கும் ஆவணத்தின் நகலுக்குத் தகவல் உரிமை. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஆனால் ஏன் செய்யவில்லை, எப்போது செய்வீர்கள் என்பதற்கெல்லாம் தகவல் அலுவலர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அமைச்சர் கடமைப்பட்டவர். முதலில் மனுப் போட்டு எண்ணை வாங்கி, அதை வைத்து எம்.எல்.ஏ.விடம் கேள்வி எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில், தனிநபர் தகவலைப் பற்றிய 8(1)(ஜெ) உட்பிரிவில் ஒரு நல்ல வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த உட்பிரிவையே மாற்றி எழுதியதில் அந்த வரி போய்விட்டது. பணியாளர் பெயர், பயனாளி பட்டியல் என்று கேட்கும் இடங்களில் இனி அவைக் கேள்வியின் தேவை கூடும். இந்த இழப்பைப் பற்றி இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

*

மதுரை எய்ம்ஸ் பற்றி ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் கேட்கிறார்கள். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு என்ன பயன்?
– திருமங்கலம்

பெரிய பயன். எல்லாப் பதில்களையும் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். 2018 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல், 1,264 கோடி ரூபாய், 45 மாதம். 2019 ஜனவரி 27-ல் மதுரையில் பிரதமர் அடிக்கல். 2021-ல் ஜப்பான் நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம். மதிப்பீடு ஏறக்குறைய 2,000 கோடி ஆனது. 2022-ல் 50 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது, மதுரையில் இல்லை, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில். முடியும் தேதி 2026-க்குத் தள்ளிப்போனது. ஒரு பதிலை மட்டும் படித்தவருக்கு ‘பணி நடக்கிறது’ என்றுதான் தோன்றும். ஒரே கேள்வியை ஒரே அச்சில் கேட்டால்தான் தேதி நகர்வது தெரியும். உங்கள் ஊர்ப் பாலத்துக்கும் இதையே செய்யுங்கள்.

*

எங்கள் நுகர்வோர் சங்கம் எம்.பி.க்குக் கேள்விகள் தயாரித்துக் கொடுக்கலாமா? அவருடைய உதவியாளருக்குச் செலவுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?
– ஈரோடு

தயாரித்துக் கொடுங்கள், நல்ல காரியம். ஆனால் ஒரு பைசா கொடுக்காதீர்கள், ஒரு வேளைச் சாப்பாடுகூட வேண்டாம். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் ஒரே நாளில் பதவி இழந்தார்கள். அந்த நீக்கம் செல்லும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

*

பழைய பதில்களை எங்கே படிப்பது?
– பலர்

நாடாளுமன்ற இணையதளத்தில். உறுப்பினர் பெயர், அமைச்சகம், தேதி எதை வைத்தும் தேடலாம். முன்பும் எழுதியிருக்கிறேன், மறுபடி எழுதுகிறேன்: பதிலோடு நிறுத்தாமல் பின்னிணைப்பையும் படியுங்கள். மாநிலவாரி, மாவட்டவாரி எண்கள் கடைசிப் பக்கத்து அட்டவணையில்தான் இருக்கும்.

*

எம்.பி.யிடம் கேள்வியை எப்போது கொடுக்க வேண்டும்?
– தேனி

கூட்டத்தொடர் தேதி அறிவித்த அன்றே. கேள்விக்கான அறிவிப்பு, பதில் வர வேண்டிய நாளுக்கு 15 முழு நாட்களுக்கு முன் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான், எந்த நாள் என்று பார்த்து எழுதுங்கள். மக்களவையில் ஒரு நாளில் ஒரு எம்.பி. பெயரில் ஐந்து கேள்விக்கு மேல் பட்டியலில் வராது, அதில் நட்சத்திரம் ஒன்றுதான். 150 சொல்லுக்குள் முடியுங்கள். குற்றச்சாட்டு, கிண்டல், ‘இருந்தால் என்ன ஆகும்’ என்ற ஊகம் எது இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் அந்தத் துறை எழுதுகிற அதே எழுத்துக்கூட்டலில் எழுதிக் கொடுங்கள். ரயில் நிலையப் பெயரில் ஓர் எழுத்து மாறி, வேறு ஊர்க் கணக்கு வந்த பதிலைப் பார்த்திருக்கிறேன்.