மனதில் எழும் உந்துதல் கடவுளிடமிருந்து வருகிறதா, என் கற்பனையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சண்டைக்குப் பிறகு அண்ணனோடு பேச்சு நின்றுவிட்டது. ஜெபிக்கும்போதும் சும்மா இருக்கும்போதும் "அவரிடம் பேசு" என்று மனதில் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இது தேவன் உணர்த்துவதா, குற்ற உணர்வா, வெறும் கற்பனையா? நானும் விசுவாசிதான். அந்த இடத்தில் நின்றே பதில் சொல்கிறேன்.

நான் பார்த்தவரை ஏவுதல், அதாவது தேவனிடமிருந்து வரும் உந்துதல், பெரும்பாலும் சின்னதாகத்தான் வரும். இன்னொருவரைப் பற்றியதாக இருக்கும், உடனே செய்யக்கூடியதாகவும் இருக்கும். ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவரின் நினைப்பு வந்தது. காரணம் எதுவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு போன் போட்டேன். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றதும் முழங்கால் வலியையும் மகளின் பரீட்சையையும் பற்றிப் பேசிக்கொண்டே போனார். அப்புறம் வைத்துவிட்டார். அவ்வளவுதான். அவர் ஆபத்தில் இருக்கவில்லை, "தேவன்தான் உங்களைப் பேச வைத்தார்" என்று சொல்லவும் இல்லை. ஆனாலும் அந்த அழைப்பு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டங்களில் சாட்சியாகச் சொல்லப்படுவதெல்லாம் அற்புதமாக முடிந்த கதைகள். அவற்றையே கேட்டுப் பழகியதால், கீழ்ப்படிந்தால் உடனே பெரிதாக ஏதாவது நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நடக்காவிட்டால் அடுத்த முறை தயங்குகிறோம். பலனைத் தெரிந்துகொள்வது நம் பங்கு அல்ல என்பது என் எண்ணம்.

வேதாகமத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இல்லை. அதன்பிறகு ஒரு மெல்லிய சத்தம். நாம் அதிகம் கவனிக்காத பகுதி அதற்கு முன்னால் இருக்கிறது. செத்துப்போனால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்தவருக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும். களைத்து, பசித்து, இரவெல்லாம் விழித்திருக்கும் மனதில் எழுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதலில் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

பிரித்தறிவதற்கு எனக்கு மிகவும் உதவியது பின்னாளில் இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் அனுபவம். 1521இல் ஸ்பெயினில் உள்ள பாம்ப்லோனாவில் நடந்த போரில் பீரங்கிக் குண்டு காலைச் சிதைத்து, அவர் படுக்கையில் கிடந்தார். படிப்பதற்கு வீரசாகசக் கதைப் புத்தகங்கள் வேண்டும் என்றார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான். ஒரு நேரம் பெரிய இடத்துப் பெண்ணுக்காகச் சாகசம் செய்வதாகக் கனவு காண்பார். இன்னொரு நேரம் புனிதர்களைப்போல் வாழ்வதை நினைப்பார். நினைக்கும்போது இரண்டும் இனித்தன. வித்தியாசம் அப்புறம்தான் தெரிந்தது: முதலாவது போனதும் மனம் வறண்டது, இரண்டாவது போன பிறகும் நிறைவு தங்கியது. எனவே எண்ணம் வரும்போது எவ்வளவு பரவசமாக இருக்கிறது என்பதை விட, அது எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பாருங்கள். பின்னாளில் அவர் வகுத்த விதிகளில் ஒன்றையும் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்: மனம் சோர்ந்து இருண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது.

பதற்றம் வேறு மாதிரி இருக்கும். அது வாதாடும், அவசரப்படுத்தும், "இப்போதே செய்யாவிட்டால் என்ன ஆகுமோ" என்று பயமுறுத்தும், ஒரே விஷயத்தைப் பத்து விதமாகத் திருப்பிச் சொல்லும். குற்ற உணர்வும் உங்களைப் பற்றியே பேசும்: நீ மோசமானவன், உனக்கு மன்னிப்பு இல்லை. ஏவுதல் செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்கும்.

சின்ன விஷயமா, யாருக்கும் கெடுதல் இல்லையா, உடனே செய்துவிடுங்கள். ஆராய்ந்துகொண்டே இருந்தால் நேரம் போய்விடும். வேலையை விடுவது, திருமணம், பெரிய தொகை கொடுப்பது போன்றவை வேறு. அங்கே காத்திருங்கள், மற்றவர்களிடம் கேளுங்கள். வேதாகமத்தில் சிறுவன் சாமுவேலும் கர்த்தர் கூப்பிட்டதை ஆசாரியனான ஏலியின் குரல் என்றே நினைத்து மூன்று முறை ஓடினான். கூப்பிடுவது யார் என்று முதிர்ந்தவரான ஏலிதான் புரிந்துகொண்டார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரிடம் ஓர் அருமையான வழக்கம் உண்டு: குழப்பத்தில் இருப்பவரோடு சிலர் உட்கார்ந்து, அறிவுரை சொல்லாமல் கேள்விகள் மட்டும் கேட்பார்கள். அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவர் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "தேவன் எனக்குச் சொன்னார், ஆகவே நீ இதைச் செய்" என்று யார் சொன்னாலும் கவனமாக இருங்கள், போதகரே சொன்னாலும் சரி. உங்களுக்கோ மற்றவருக்கோ தீங்கு செய்யச் சொல்லும் குரல் கேட்டால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது.

சரி, உங்கள் அண்ணன் விஷயம். இதில் பகுத்தறிய அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். தனியாக ஓர் அடையாளம் எதற்கு? அவர் உங்களை அடித்துத் துன்புறுத்தியவராக இருந்தால் மட்டும் நேரில் போகாமல், நம்பிக்கையான ஒருவரோடு முதலில் பேசுங்கள். இல்லையென்றால் இன்றைக்கே அனுப்புங்கள்: "அண்ணா, எப்படி இருக்கீங்க? உங்க ஞாபகமாவே இருக்கு." பழைய சண்டை, யார் செய்தது தவறு, எதுவும் அந்த முதல் செய்தியில் வேண்டாம். அவர் பதில் போடாவிட்டாலும் உங்களுக்கு உணர்த்தப்பட்டது பொய் என்று ஆகிவிடாது. கொஞ்ச நாள் விட்டு இன்னொரு முறை விசாரியுங்கள்.