தண்ணீர் ஒரு லீற்றரா, கரைசல் ஒரு லீற்றரா?

கேள்வி: 1 மூலர் உப்புக் கரைசல் செய்ய 58.5 கிராம் சோடியம் குளோரைட்டை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று எழுதினேன். ரியூஷன் சேர் பிழை போட்டுவிட்டார். எங்கே பிழை?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: சேர் பிழை போட்டது சரி, காரணத்தைச் சொல்லாமல் விட்டதுதான் சரியில்லை. மூலர்ச் செறிவு என்பது ஒரு லீற்றர் கரைசலில் எத்தனை மூல் பொருள் கரைந்திருக்கிறது என்ற கணக்கு (மூல் என்பது துகள்களை எண்ணும் அலகு, உப்பில் ஒரு மூல் 58.5 கிராம்). அதில் பார்ப்பது கரைசலின் கனவளவை, தண்ணீரின் கனவளவை அல்ல. உப்புக் கரைந்த பிறகு மொத்தமும் ஒரு லீற்றராக இருக்க வேண்டும். 'இதெல்லாம் ஒரு வித்தியாசமா' என்று கேட்பீர்கள், உப்பில் அப்படித்தான் தோன்றும், ஏனென்றால் 58.5 கிராம் உப்பு ஒரு லீற்றர் தண்ணீரைக் கூட்டுவது 20 மில்லிலீற்றர் அளவுக்குத்தான். ஆனால் சீனியை எடுத்துப் பாருங்கள். அதன் ஒரு மூல் 342 கிராம். பத்தில் ஒரு பங்காக 34 கிராம் சீனியை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து அளந்தால் ஏறக்குறைய 121 வரும், வீட்டுக் குசினியிலேயே செய்யலாம். 1 மூலர் என்று நீங்கள் நினைத்த கரைசல் உண்மையில் 0.83 மூலர்தான்!

அதனால்தான் ஆய்வுகூடத்தில் முதலில் முகவையில் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, கழுத்தில் அளவுக்கோடு உள்ள கனமானக் குடுவைக்குள் ஊற்றி, முகவையையும் கழுவி அந்தத் தண்ணீரையும் சேர்த்து, அப்புறம் பிறையுருவின், அதாவது நீர்மட்ட வளைவின், அடி கோட்டைத் தொடும்வரை நிரப்புகிறார்கள். சோடியம் ஐதரொட்சைட்டு என்றால் கரையும்போது நன்றாகச் சுடும், ஆறவிட்டுத்தான் கோடுவரை நிரப்ப வேண்டும். அதோடு கொழும்பின் ஈரக்காற்றில் அந்த வில்லைகள் தராசில் இருக்கும்போதே நீரை இழுத்துக் கசியத் தொடங்கிவிடும், ஆகவே 4 கிராம் நிறுத்தாலும் அது முழுக்க ஐதரொட்சைட்டு என்று நம்ப முடியாது, செறிவு தெரிந்த அமிலத்தோடு நியமித்துப் பார்த்துத்தான் (தாக்கமுறச் செய்து அளந்துதான்) செறிவைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 12 மூலர் ஐதரோகுளோரிக்கமிலத்தை 1 மூலராக ஐதாக்க, 1 பங்கு அமிலத்துக்கு 12 பங்கு தண்ணீரா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை, மொத்தம் 12 பங்கு, அதாவது தண்ணீர் ஏறத்தாழ 11 பங்கு. 250 மில்லிலீற்றர் வேண்டுமென்றால் 1 × 250 ÷ 12, அமிலம் 20.8 மில்லிலீற்றர். தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்றுங்கள், மாறி ஊற்றாதீர்கள்.

கேள்வி: பிள்ளைக்கு வயிற்றோட்டம். ஒரு லீற்றர் குடிக்கமாட்டான் என்று ஜீவனிப் பக்கெட் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) முழுவதையும் ஒரு கிளாஸில் கரைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், தெமட்டகொடை

பதில்: கூடவே கூடாது அம்மா. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லீற்றரில் 75 மில்லிமூல் (மூலின் ஆயிரத்தில் ஒரு பங்கு) சோடியம் வரும். அதையே 200 மில்லிலீற்றர் கிளாஸில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகி 375 ஆகிவிடும். இரத்தத்திலேயே 140 அளவில்தான் இருக்கிறது! அந்த உப்புக் கரைசல் உடம்பிலுள்ள நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். இங்கே தண்ணீரா கரைசலா என்று மேலே அந்தத் தங்கச்சியிடம் பிடித்த பிடிவாதம் தேவையில்லை, பக்கெட்டில் இருப்பது சுமார் 20 கிராம்தான், அதனால் கனவளவு பெரிதாக மாறாது. கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றரை அளந்து முழுப் பக்கெட்டையும் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள், 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். பிள்ளை சோர்ந்து போனால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.