பட்டத்துக்குக் கடன் வாங்காதீர்கள். துணிக்கூரைத் தொழிலுக்கு மகனை அனுப்புங்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் இயந்திரவியல் படித்து, தேசிய சேவையையும் முடித்துவிட்டு, இழுத்துக் கட்டப்பட்ட துணிக்கூரைகளைப் பராமரிக்கும் நிறுவனமொன்றில் சேர விரும்புவதாகவும், பட்டம் இல்லாவிட்டால் நாலு பேர் மதிக்க மாட்டார்கள் என்று உங்கள் அண்ணன் அடித்துச் சொல்வதால் தனியார் கல்லூரிப் பட்டத்துக்காக வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் உங்கள் அண்ணன் காட்டும் வழி தவறானது.

அவர் சொல்லும் தனியார் கல்லூரி வணிகப் பட்டத்துக்கு மத்திய சேம நிதியின் கல்விக் கடன் திட்டம் உதவாது. வங்கியில்தான் கடன் வாங்க வேண்டும். பழுதான பொருள் எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்காமல் விடாத, ஆனால் பாடப்புத்தகத்தைத் தொடவே விரும்பாத பிள்ளை பாதியில் நின்றுவிட்டால், அந்தக் கடனை அடைப்பது நீங்கள்தான், உங்கள் அண்ணன் அல்லர்.

இனி மகன் தேர்ந்தெடுத்த தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். 2014இல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கத்தின் நகரும் கூரையும், கிளார்க் கீ தெருக்களின் மேற்கூரைகளும் இடிஎஃப்இ என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் ஆனவை. கிடங்குகளிலும் நடைபாதைகளிலும் அதிகம் காணப்படுவது பிவிசி பூசிய பாலியெஸ்டர் துணி. நம் ஊர் வெயிலும் மழையும் அதில் பாசியைப் படரவிடுகின்றன. சுமத்ரா தீவுப் பக்கமிருந்து விடியற்காலையில் வீசும் சூறைக்காற்று அதன் இழுவிசையைச் சோதிக்கிறது. துணி தளர்ந்தால் மழைநீர் குட்டையாகத் தேங்கும். அந்த எடை துணியை மேலும் தொய்யச் செய்ய, இன்னும் அதிகமான நீர் சேரும். ஆகவே கிழிசலை மட்டும் ஒட்டிவிட்டு இறங்குபவர் நல்ல பணியாளர் அல்லர். கம்பிவடம், பிடிப்பான், திருகாணி என ஒவ்வொன்றையும் பார்த்து, துணி ஏன் கிழிந்தது என்பதைக் கண்டுபிடிப்பவரே நல்ல பணியாளர்.

ஒட்டுப்போடுவதிலும் நுணுக்கம் உண்டு. முதலில் இழுவிசையைக் குறைத்து, அழுக்கை நீக்கி, மேல்பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். பூச்சு மிச்சமிருந்தால் ஒட்டு பிடிக்காது. ஒட்டுத்துணியின் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், ஏனெனில் கூரான மூலையிலிருந்துதான் அது உரியத் தொடங்கும். பிறகு சூடான காற்றை ஊதியபடியே உருளையால் அழுத்திச் செல்ல வேண்டும்: சூடு குறைந்தால் ஒட்டாது, மிஞ்சினால் துணி கருகிவிடும். டெஃப்லான் பூசிய கண்ணாடியிழைத் துணியை மடித்தாலே இழைகள் முறியும். அதைக் கையாள்வது தனிப் பயிற்சி. உங்கள் மகனின் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற வேலை இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

உயரத்தைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 3 மீட்டருக்கு மேலிருந்து விழக்கூடிய ஆபத்துள்ள வேலைக்கு முன்னனுமதி கட்டாயம். பயிற்சி பெறாதவரை மேலே ஏற்றக் கூடாது. கயிற்றில் தொங்கி வேலை செய்வதற்கான ஐராட்டா என்னும் பன்னாட்டு அமைப்பின் சான்றிதழில் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குச் செல்லக் குறைந்தது 12 மாதங்களும் 1,000 மணி நேர வேலையும் தேவை. பதவியும் சம்பளமும் உயர்வதற்கு அது ஒரு படி.

நேர்காணலில் உங்கள் மகன் இவற்றைக் கேட்கட்டும்: பயிற்சிக் கட்டணத்தை யார் செலுத்துவார்கள், அதற்கு ஈடாக எத்தனை ஆண்டுகள் கட்டுப்பட வேண்டும், மழையால் வேலை நின்ற நாளுக்குச் சம்பளம் உண்டா? பதில்களை எழுத்தில் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும். வங்கிக் கடன் விண்ணப்பத்தை நீங்கள் இந்த வாரமே திரும்பப் பெற்றுவிடுங்கள்.